ஐம்பத்திரண்டு நாள் மறைத்து வைத்த மகள்

இதை எழுத எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. இந்தப் பிரெஞ்சு நகரத்து மெற்றோ ரயிலில் இடம் பிடித்த கதை, விசா அலுவலக வரிசையில் கால் கடுத்த கதை என்று இந்தப் பத்தியில் வாராவாரம் உங்களோடு கதைக்கிறவன்தான் நான். இதை மட்டும் எழுத உட்காருவேன்... பேனையை மூடிவைத்துவிட்டு எழும்பிவிடுவேன். வெட்கம்தான். வேறென்ன?

போன சனிக்கிழமை மகள் கேட்டுவிட்டாள். சின்ன வயதுப் படம் ஒன்று கொண்டுவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். ஆல்பத்தைப் புரட்டினாள். முதல் படத்திலேயே கன்னம் உப்பியிருக்கிறது. மூன்று மாதப் பிள்ளை.

"இதுக்கு முதல் ஒண்டும் இல்லையா, அப்பா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"கமரா பழுது" என்றேன்.

பொய். அந்தப் பொய்யோடு மறுநாள் கோயிலில் முருகன் முன்னால் நிற்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது ஊரில் யுத்தம் முடிந்து இரண்டாம் வருடம். மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஐந்தாம் மாடி, ஒற்றை அறை வீடு. எனக்கு உணவகச் சமையலறையில் வேலை. மனைவிக்கு ஆறு மாதம்தான். ஒரு காலை பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. பின்னேரம் மகள் பிறந்தாள். எண்ணூற்று இருபது கிராம். கடையில் ஒரு கிலோ சீனிப் பை வாங்குவீர்களே — அதைவிடக் குறைவு. அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கில் குழாய், காலில் வயர். அழுதாள் என்பதை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சத்தம் வரவில்லை.

இதற்கு முன் எங்களுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அப்போது சந்தோசத்தில் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பச் சொல்ல வேண்டிவந்தது. மனைவி மாதக்கணக்கில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ காய் பக்கமே வரவில்லை. ஆகையால் இந்த முறை நான் முடிவெடுத்தேன். வயிற்றில் இருப்பது தெரிந்தவர்களுக்கும், பிள்ளை வீடு வரும்வரை பிறந்ததைச் சொல்வதில்லை. நாலு பேர் வாய்ப்பட்டு நாவூறு படக்கூடாது. ஊருக்குக்கூடச் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் செய்தது அதைவிட மோசம்.

ரூ காயில் செல்வண்ணைக்குப் பலசரக்குக் கடை. அவரும் மனைவியும்தான் நிற்பார்கள். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம்.

"என்ன தம்பி, மனுசி சுகமோ? இப்ப எத்தினை மாசம்?"

"ஏழாம் மாசம், அண்ணை."

மகளுக்கு அன்று பதினெட்டு நாள்.

அக்கா சும்மா விடுவாரா? "வயித்துப்பிள்ளைக்காரிக்குப் புளிப்பாக் கேக்கும்" என்று மாங்காய் அச்சாறும் புளி கூட்டிய மீன்குழம்பும் வாராவாரம் டப்பாவில் போட்டுத் தந்தார். ஆஸ்பத்திரி வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து மனைவி அதைச் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் பால் எடுக்கும் மெஷினை மார்பில் பூட்டுவாள். அரை மணித்தியாலம் இருந்தால் போத்தலின் அடி நனையும். அவ்வளவுதான். அந்தச் சொட்டுகளைத்தான் குழாயால் பிள்ளைக்கு விட்டார்கள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். பிள்ளை பிறந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. பிறக்கவில்லை என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்ட நான், அந்தத் துடக்கை ஒருநாள் பிசகாமல் காத்தேன். கும்பிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்ட நாட்களில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனேன். மனிதருக்குப் பொய், கடவுளுக்கு ஒழுங்கு!

முப்பத்திரண்டாம் நாள் உள்ளே போனேன். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பின்னால் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள். மகளின் பெயர் தொண்டைவரை வந்தது. மனைவியின் பெயரைச் சொன்னேன்.

அப்போது இங்கே பிறந்த மூன்று நாளுக்குள் மாநகரசபையில் பெயர் பதிய வேண்டியிருந்தது. அபிராமி என்று பதிந்திருந்தேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பிரெஞ்சுத் தாதிமார் மட்டும். எங்களுக்குக் கூப்பிடப் பயம். நம்முடைய ஆள் ஒருவர், ஒரே ஒருவர், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டேனா என்று எனக்கு எவ்வளவு ஏக்கம் தெரியுமா? படம் எடுத்துப் பெட்டியில் ஒட்டவா என்று ஒரு தாதி கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலை. இரத்தத்தில் கிருமி என்றார் டொக்டர். "காத்திருந்துதான் பார்க்க வேண்டும்" என்றார். பிள்ளை சாம்பல் நிறத்தில் கிடந்தாள். மனைவி பெட்டியைவிட்டு அசையவில்லை. நான் கற்பூரம் வாங்கச் செல்வண்ணை கடைக்குப் போனேன்.

"எட்டு மாசம் ஆகுதோ, தம்பி?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு அவள் போய்விட்டால், அவள் வந்தாள் என்பது யாருக்குத் தெரியும்? பத்து விரலோடு வந்து, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவள். அவளுக்காக அழக்கூட ஆள் வைக்கவில்லையே நான்.

"அண்ணை... பிறந்திட்டா."

"ஆர்?"

"மகள். இண்டைக்கு அம்பத்திரண்டு நாள். ஆஸ்பத்திரியிலை இருக்கிறா. கிருமியாம். டொக்டர் ஒண்டும் தெளிவாச் சொல்லேல்லை."

செல்வண்ணை தராசில் கிடந்த வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு மேசையைச் சுற்றி வந்தார்.

"பேர் என்ன?"

"அபிராமி."

"அபிராமி" என்றார். தன் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். அக்கா தேற்றவில்லை. ஏசினார்.

"உனக்கென்ன விசரா? பெத்தவளுக்கு ஒரு மாசமா ஆகாத புளியையெல்லோ தீத்தியிருக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா சுறா வறை செய்து தந்திருப்பனே. உன்ரை பொய்யிலையோ அவளுக்குப் பால் சுரக்கும்?"

பால் சுரக்கச் சுறா கொடுப்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். ஆனால் பிறந்ததென்று சொன்னால்தானே யாராவது சமைப்பார்கள்?

மத்தியானமே அக்கா வந்துவிட்டார். மிளகும் மல்லியும் அரைத்த சரக்குக் கறி, சுறா வறை, குத்தரிசிச் சோறு. பெற்றோர் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மனைவியைக் கீழே வரவழைத்து, அதே வாங்கில் இருத்தி, கவளம் கவளமாகத் தீத்தினார். அழுதபடியே மனைவி விழுங்கினாள். அன்று பின்னேரமே ரூ காய் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருவரும் நாவூறு போடவில்லை. பிள்ளைக்காகக் கோயிலில் நேர்த்தி வைத்தோம் என்றார்கள்.

நாலாம் நாள் கிருமி அடங்கியது. சொன்னதால்தான் பிழைத்தாள் என்று எழுதமாட்டேன். மருந்து கேட்டது, முருகன் காத்தான். ஆனால் பால் போத்தல் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியது. அதை என் கண்ணால் கண்டேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்தாள், வளர்ந்தாள். ஆனால் அந்த ஐம்பத்திரண்டு நாள்? அவள் பிறந்தாள் என்று ஒருவர் கையிலும் ஒரு கற்கண்டு வைக்கவில்லை நான். அப்போது நெற்றியில் பூனைமயிர் இருந்தது என்கிறாள் மனைவி. இல்லை என்கிறேன் நான். தீர்த்துக்கொள்ள ஒரு படம் இல்லை. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க மாட்டேனா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் நேற்று ஆல்பத்தோடு பக்கத்தில் இருத்தி, எல்லாவற்றையும் வாயாலேயே சொன்னேன். அவள் நிமிராமல் கேட்டாள். "என்னை நினைச்சு வெட்கப்பட்டீங்களா?"

"இல்லையம்மா. பயந்தேன்."

பிறகு ஆல்பத்தை மூடினாள். "எழுதுங்கோ. ஆனா நடந்ததை மட்டும் எழுதுங்கோ" என்றாள். இதை அவள் தமிழில் சொன்னாள்.

உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு தகப்பன் இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஊமையாக நிற்கலாம். அவருக்கு இதைக் கொடுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதியபடியே கொடுங்கள் —

என் பொய்களையும் சேர்த்து.