மதியம் ஒன்றே முக்காலுக்கு லாரிகள் நிற்கும் சாலை

மதுரையில் நான் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். போன மாதம் ஒரு பேருந்து உரசியதில் முழங்கையில் ஐந்து தையல். நலம் விசாரித்துப் பேசிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழி கமலா, "ராஜபாளையம் பக்கம் ஒரு ரோட்டுல லாரிய நிறுத்தி வச்சிட்டுல்லா சைக்கிள விடுதாக" என்றாள். யார் நிறுத்துகிறார்கள், லாரிக்காரர்கள் எப்படிச் சம்மதிக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. தையல் பிரித்த வாரமே, ஒரு சனிக்கிழமை, கிளம்பிவிட்டேன்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். கமலாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பத்தரைக்கு மிதிக்க ஆரம்பித்தேன். ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர் சொச்சம். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் ஆனது. வலப்பக்கம் மலை கூடவே வந்தது. நிமிர்ந்து பார்க்கத்தான் துணிவில்லை. சாலையோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் மண், சில இடங்களில் அதுவும் இல்லை.

சாப்பாடு எண்பது ரூபாய். பிறகு செட்டியார்பட்டிப் பக்கம் பிரியும் ஒரு கிளைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனேன். ஒரு நூற்பாலைக்குச் சற்று முன்னால் பலகை: 'மதியம் 1.45 முதல் 2.30 வரை கனரக வாகனங்களுக்குத் தடை.' பக்கத்தில், பளபளக்கும் பச்சை மேலங்கியைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு ஒரு பெண். பெயர் பேச்சியம்மாள், நூற்பாலைத் தொழிலாளி, நாற்பது வயதிருக்கும்.

"ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்க்கா. அம்புட்டுப் பேரும் சைக்கிள்தான். போன வருசம் எங்கூட வேலை பாத்த பிள்ளைய லாரி தட்டிருச்சு. வலது கை வெளங்கல. அதுக்குப் பொறவுதான் மனு குடுத்தோம்."

ஊராட்சி தீர்மானம் போட, போலீஸ் மூன்று மாதச் சோதனைக்கு அனுமதித்ததாம். அது அடுத்த வெள்ளியோடு முடிகிறது. லாரிக்காரர்களின் புகார்கள் குவிந்திருப்பதால் நீட்டிப்பார்களா என்பது சந்தேகம்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, வத்திராயிருப்பிலிருந்து தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பேச்சியம்மாள் கையை நீட்டி நடுவில் நின்றார். ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஏம்மா, மூணு மணிக்குச் சரக்கு இறக்கணும்."

"செத்த நேரம் நில்லுங்க அண்ணாச்சி. தேங்காய் என்ன வாடியா போவும்?"

அதற்குள் ஆலைக் கதவு திறந்தது. கூடையில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் குலுங்க, இருவர் மூவராகப் பேசிக்கொண்டே சைக்கிள்கள் வந்தன. பின்னால் வண்டி வருகிறதா என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஓட்டுநர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டம் சரிதாம்மா. ஆனா போர்ட இங்கன வச்சா எப்படி? ரெண்டு கிலோமீட்டர் உள்ள வந்தாச்சு, வண்டியத் திருப்ப எடமில்ல. மெயின் ரோட்டுலயே வச்சிருந்தா நான் சுத்திப் போயிருப்பேன்ல?"

பேச்சியம்மாளும் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூணு மாசமா எல்லாரும் வைதாக. இத ஒருத்தரும் சொல்லலையே."

அங்கேயே நின்று காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். பிரதான சாலையில் ஒரு பலகையைத் தற்காலிகமாகக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கிடைத்தது. அருகில் சைக்கிள் கடை வைத்திருக்கும் யூசுப் பாய் ஒரு தகரமும் சிவப்புப் பெயிண்டும் கொடுத்தார், எழுதியது நான். இரண்டரை மணிக்கு லாரியை எடுக்கும் முன் ஓட்டுநர் தேங்காய் கட்டும் கயிறு ஒன்றை வீசினார். "ஒசக்கக் கட்டுங்க. கேபின்ல இருந்து தெரியணும்." நாலு மணிக்கு, பிரதான சாலைச் சந்திப்பில், நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள பேச்சியம்மாள் ஏறிக் கட்டினார்.

ராஜபாளையத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் காலை ஏழுக்குள் கிளம்பிவிடுங்கள். காற்றும் லாரியும் குறைவு. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். கிளைச் சாலைகளில் நேரம் எழுதிய பலகை இருந்தால் நின்று படியுங்கள். காரில் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு விதி கேட்கப் போகிறீர்கள் என்றால், மனு எழுதும் முன் ஒரு லாரி ஓட்டுநரிடம் பேசுங்கள். எனக்கே அது அன்றுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை பேச்சியம்மாளிடமிருந்து போன். நாங்கள் கட்டிய தகரத்துக்குப் பிறகு புகார்கள் குறைந்ததால் விதியை நிரந்தரமாக்கி, வியாழனன்று சந்திப்பில் பெரிய பலகையும் வைத்துவிட்டார்களாம்.

"வியாழக்கெழமையில இருந்து ஒரு லாரிகூட உள்ள வரலக்கா. மூணு மாசமா நைட் ஷிஃப்ட் பாத்துட்டு, மத்தியானம் தூங்காம அங்க போயி நின்னேன். திங்கக்கெழமை பகல் ஷிஃப்டுக்கு மாறுதேன். நானும் சைக்கிள்லதான் வருவேன்."