வாத்து இறகால் நான் பார்த்த மடி வைத்தியம்

பால் தொழிலில் மாடு பொய் சொல்லாது, அதனால் அந்த வேலையும் பால்காரன் தலையிலேதான் விழும். சைகோனில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி நடந்த காலத்தில் ஐந்து மாட்டை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இது. கறவை மாடு வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாலை நம்பி, மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு பாண்டிச்சேரி கிளார்க் வீட்டில் குறைமாதக் குழந்தை ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. "காய்ச்சினா சத்தெல்லாம் போயிடும்மா, கறந்த சூட்டோட குடுங்க" என்று அதன் தாய்க்கு நான்தான் புத்தி சொல்லியிருந்தேன்.

கொழுப்பு

பென்தான் என்கிற பெரிய சந்தையில் காப்பிக் கடை வைத்திருந்த வியட்நாம் அம்மாள் ஒருத்திக்குத் தினமும் பால் ஊற்றுவேன். நம் ஆட்களை அந்த ஊர்க்காரர்கள் 'ஏழாம் அண்ணன்' என்று கூப்பிடுவார்கள். ஏன் ஏழு என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. ஒருநாள் பாலில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி. என் மாடு லட்சுமிக்கு முதல் நாளே ஒரு காம்பு வீங்கியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், "மாடு நல்லா தின்னுது, அதான் கொழுப்பு" என்று அளந்துவிட்டேன்.

அவள் பாலை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காப்பி போடப் போனாள். திரும்பி வந்து தம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கொழுப்பு மேலேதானே மிதக்கும் ஏழாம் அண்ணே, உங்களுது அடியில உட்காந்திருக்கே."

வைத்தியர் ஆனேன்

அன்றே வைத்தியத்தில் இறங்கினேன். காம்பு அடைத்துக்கொண்டால் துளைக்குள் இறகுத் தண்டை விட்டு எடுப்பதைக் காரைக்காலில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி. சைகோனில் வாத்துக்கா பஞ்சம்? தடித்த இறகு ஒன்றைப் பிடித்து, நுனியை வெட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து லட்சுமியின் காம்பில் விட்டேன். முழங்காலில் ஒரு உதை விழுந்தது. ஆனாலும் கை ராசியான கை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த வேகத்தில் அதே இறகை அதே எண்ணெயில் தோய்த்து, ஒரு குறையும் இல்லாத இன்னும் இரண்டு மாடுகளுக்கும் முன்ஜாக்கிரதையாக விட்டு எடுத்தேன்.

நாலாம் நாள் மூன்று மாட்டுக்கும் மடி கல்லாக வீங்கிவிட்டது. என்னோடு கறவைக்கு நின்றவர் மரியதாஸ், பட்டாளத்தில் இருந்து வந்த பாண்டிச்சேரிக்காரர். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க வைத்தியம் பாக்காத ரெண்டும்தாண்ணே நல்லா இருக்கு."

பழி போட ஆள் தேடினேன்

மாட்டு டாக்டர் வந்தார். வெள்ளைக்காரர். மரியதாஸுக்கு பிரெஞ்சு வரும் என்பதால் இரண்டு பக்கமும் அவர்தான் பேசினார். காம்பைப் பீய்ச்சி ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு போன டாக்டர், இரண்டு நாள் கழித்து வந்து, மடியில் இருப்பது ஈஸ்ட் என்றார். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அதற்குப் பங்காளி முறையாம். எனக்கு உயிர் வந்தது. பீர் காய்ச்சி மிஞ்சுகிற சக்கையை வாங்கி மாட்டுக்குத் தீனியாகப் போட்டுவந்தேன், அதிலும் ஈஸ்ட் உண்டே. பீர் செய்கிறவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

டாக்டர் என் கையை வாங்கிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப் புண்ணாகியிருந்தது. நான் சேற்றுப்புண் என்று மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் எண்ணெய்க் கிண்ணத்தில் சாய்ந்து நின்ற இறகைப் பார்த்தார். மூன்று மாட்டையும் அடிக்கடி கறந்து பாலைக் கொட்டச் சொன்னார். மற்ற இரண்டின் பாலையும் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது, திடமான ஆள் தாங்கிக்கொள்வான், கைக்குழந்தை தாங்காது என்றார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். மரியதாஸ் அதைச் சிரிக்காமல் தமிழில் சொன்னார்: "உன் மாடு மடியாலயா தீனி தின்னுது?"

வெறுங்கையோடு போனது

கைக்குழந்தை என்று கேட்டதுமே எனக்கு அந்தக் குறைமாதப் பிள்ளை நினைவு வந்தது. தூக்குவாளி இல்லாமல் கிளார்க் வீட்டுக்கு ஓடினேன். வழியில் நாலைந்து பொய் தயார் செய்தேன். வாசலில் தாய் பிலோமினா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன வாயைப் பார்த்ததும் ஒரு பொய்யும் வரவில்லை. இறகிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுகையும் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

பிள்ளை நாக்கைக் காட்டச் சொன்னேன். என் விரலிடுக்கு மாதிரி வெள்ளை படியாமல் சுத்தமாக இருந்தது. அது என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பிலோமினா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "காய்ச்சாதீங்கன்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான், பால் அளக்கறப்போ உங்க விரலிடுக்கைப் பாத்தேண்ணே, அன்னையிலேர்ந்து மூணு கொதி விட்டுத்தான் குடுக்கறேன்."

அந்தப் பிள்ளை என் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், என் பேச்சை அதன் தாய் கேட்காததால்தான் வளர்ந்தது என்பதை மரியதாஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.