பலகையில் வைத்த லேப்டாப்

பீரோவுக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கிற லேப்டாப்பை உங்கள் அக்கா ஏன் தொடுவதே இல்லை என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். பழசாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துக்கொள்வேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு எழுத்தில் அந்தச் சாமர்த்தியம் வராது.

மூன்று வருஷம் ஆகிறது, நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். கொட்டிவாக்கத்தில் இதே வீடு. உங்கள் அம்மா மீன் விற்கப் போவாள். நான் தி.நகர் துணிக்கடையில் டெலிவரி கவுண்டரில் நிற்பேன். பில்லில் உள்ள புடவைதான் பையில் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் வேலை. அக்கா கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் சின்னக் கம்பெனி. கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர்கள். அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. லினக்ஸ் போட்ட சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டும். வெப்சைட் எழுதத் தேவையானதெல்லாம் அதில் ஏற்கெனவே போட்டுத் தயாராக இருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் செய்து காட்ட வேண்டும். விஜயதசமி காலை பத்து மணி. நல்ல நாள் பார்த்து வைத்திருக்கிறார்கள், நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

லேப்டாப் யாரோ உபயோகித்துக் கழித்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். அதிலிருந்த விண்டோஸ் ஆமை மாதிரி நகர்ந்ததால் அக்கா அதை அழித்துவிட்டு, சிநேகிதியிடம் ஒரு பென் டிரைவ் வாங்கி லினக்ஸ் போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருந்தது. பக்கத்தைக் காட்டுவதற்கு ஒரு சர்வர், கணக்கு விவரங்களை வைப்பதற்கு டேட்டாபேஸ், எழுதுவதற்கு ஒரு எடிட்டர். எல்லாவற்றுக்கும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் கட்டளை அடிக்க வேண்டும். கட்டளைகளை நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். கடையிலிருந்து வந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை எழுத்து எழுத்தாகப் படிப்பேன், அவள் அடிப்பாள்.

"எஸ், யு, டி, ஓ. அப்பால இடம் வுட்டு..."

"அது சூடோ, நைனா. ஒவ்வொரு வாட்டியும் எழுத்துக் கூட்டாதே."

"எல்லாத்துக்கும் முன்னால அது எதுக்கு?"

"எசமான் சொல்றேன், செய்யின்னு அர்த்தம். அது இல்லாம சொன்னா மெஷினு மதிக்காது."

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த உங்கள் அம்மா திரும்பிப் பார்த்தாள். "உங்க நைனாவுக்கு அதைச் சொல்லிக் குடுக்காதடி. ஏற்கெனவே அப்படித்தான் பேசிக்கினு கீறாரு."

சிரித்தோம். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நான் பதறினேன். அதற்கும் சிரித்தாள். கடைசியில் ஒரு நாள் பக்கம் வந்தது. வஞ்சரம், சங்கரா, நெத்திலி என்று அம்மா விற்கிற மீனையெல்லாம் விலையோடு போட்டிருந்தாள். வெளியில் யாருக்கும் தெரியாது, நம் மெஷினுக்குள் மட்டும் ஓடும் வெப்சைட் என்றாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வஞ்சரத்துக்கு இந்த வெலையா? ஏத்திப் போடு, பேரம் பேசுவாங்க" என்றாள்.

அவ்வளவு சந்தோஷமாக இருந்த வீட்டில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை. கம்பெனி கேட்டிருந்ததற்கு லினக்ஸின் புதுப் பதிப்பு தேவை என்று கடைசி நேரத்தில் அக்காவுக்குத் தெரிந்தது. போனில் முந்தின நாள் நெட் தீர்ந்துவிட்டதால் விடிந்ததும் ஆரம்பித்தாள். லேப்டாப் தன்னையே மாற்றிக்கொண்டிருந்தது. திரையில் வரிகள் ஓடின. எனக்கு ஒன்பதரைக்குக் கடை. தீபாவளி வியாபாரம், லீவு கிடையாது. எட்டு மணிக்குள் பூஜையை முடித்தாக வேண்டும் என்று நான்தான் எல்லாரையும் விரட்டினேன். "குளிச்சிட்டு வா, போ" என்று அக்காவையும் அனுப்பினேன்.

"நைனா, ஓடிக்கினு கீது. தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

பூஜைப் பலகையில் அம்மாவின் அரிவாள்மணையும் தராசும் இருந்தன. உங்கள் பள்ளிப் புத்தகங்கள், என் கத்திரிக்கோல். நாளைக்கு அக்காவுக்குப் பரீட்சை, அவள் ஆயுதம் இல்லாமல் பூஜையா என்று தோன்றியது. ஒயரைப் பிடுங்கினேன். மூடினேன். மேலே சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன்மேல் அந்த நாற்பது பக்க நோட்டு. ஃபேன் மாதிரிதான் என்று நினைத்தேன். அணைத்தால் அணையும், போட்டால் சுற்றும்.

தலையில் துண்டோடு வந்த அக்கா பலகையைப் பார்த்தாள். கத்தவில்லை.

"பாதியில புடுங்கிட்டியா நைனா?"

"சாமிகிட்டதானே கீது."

"ஒரே ஒரு வாட்டி கரெண்டு குடுத்துப் பாத்துடறேன்."

வைத்ததை மறுநாள் காலை பூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது. அது உங்களுக்கும் தெரியும். "எடுத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? ஒரு நாள் பொறு" என்றேன். "நானும்தான் கத்திய வெச்சிட்டு இன்னைக்கு யாவாரத்துக்குப் போவல. ஆனா அவ கதை வேற, எடுத்துக் குடுத்துடு" என்று அம்மா சொன்னாள். நான் கற்பூரத்தைக் காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

கடையில் பதினொரு மணிக்குப் பூஜை. எங்கள் முதலாளி அண்ணாச்சி பக்தியில் என்னைவிடப் பெரியவர். பூசணிக்காய் உடைத்து, பில்லிங் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். கற்பூரம் அணைந்ததும், "ஏல, என்ன பாத்துக்கிட்டு நிக்க? கூட்டம் நிக்கில்லா, பில்லைப் போடு" என்றார். மாலையோடு அது ஓட ஆரம்பித்தது. நான் அதிலிருந்து வந்த பில்லை வாங்கிப் பையைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிவாள்மணையைப் பலகையில் வைத்த வீட்டில் மீன் விற்கக்கூடாது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்ட கடையில் புடவை விற்கலாம். அன்று எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

மதியம் அக்கா போன் செய்தாள்.

"நைனா, இப்போ எடுத்தாக்கூட சரி பண்ணிடுவேன். சாமி கும்புட்டுட்டுத்தான் எடுப்பேன். எடுத்துக்கட்டா?"

எனக்கு நாலடி தள்ளி பில்லிங் கம்ப்யூட்டர் மாலையோடு டிக் டிக்கென்று பில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போனில் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"சொன்னா கேளு. காலைல எடுக்கலாம்" என்றேன்.

"அங்க இன்னா சத்தம் நைனா?"

"கடைம்மா. வேலை ஓடுது."

 சரி என்றாள். அதற்குப் பிறகு அன்று அவள் கூப்பிடவில்லை. மறுநாள் பூஜை முடிந்து எடுப்பது நம்முடைய வழக்கம், அண்ணாச்சியினுடையது அவர் இஷ்டம், அவர் முதலாளி என்று என்னவோ நினைத்துக்கொண்டேன். என் மகள் எடுத்தால் குற்றம், முதலாளி எடுத்தால் வியாபாரம். அதுதான் அன்று என் மனசில் இருந்தது. இன்றைக்கு எழுதிப் பார்க்கும்போது கை கூசுகிறது.

மறுநாள் ஆறு மணிக்குக் கற்பூரம் காட்டி, நானே எடுத்துக் கொடுத்தேன். ஒயரைச் செருகி அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலைந்து வரி வந்து நின்றது. மறுபடி அணைத்துப் போட்டாள். அதே வரிகள். பாதி பழசு, பாதி புதுசாக நின்றுபோய்விட்டது, எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்றாள். பென் டிரைவை எடுத்து வேலையைத் தொடங்கினாள். லினக்ஸ் திரும்ப வந்தது. ஆனால் சர்வரையும் டேட்டாபேஸையும் நெட்டிலிருந்து இறக்க வேண்டும். போன் நெட் ஊர்ந்தது. நான் நோட்டை எடுத்து, "எஸ், யு..." என்று ஆரம்பித்தேன்.

"நோட்டைக் குடுத்துட்டு நீ தள்ளி உக்காரு" என்றாள்.

ஒன்பதே காலுக்கு அரைகுறையாக மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். கடைக்கு மத்தியானம் வருகிறேன் என்று போனில் கெஞ்சிவிட்டு நானும் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்த லேப்டாப்பை ஆன் செய்ய வழியில்லை. மடியில் வைத்துக்கொண்டு நோட்டை மட்டும் புரட்டிக்கொண்டு வந்தாள்.

மாடிப்படி வரைக்கும் நானும் ஏறினேன். ஒரு பையன், முப்பது வயதுகூட இருக்காது, கதவைத் திறந்தான். அவள் பையிலிருந்து எடுத்த லேப்டாப் மேலிருந்த குங்குமத்தைப் பார்த்தான். "சார், நீங்க கீழ வெயிட் பண்ணுங்க" என்றான்.

கால் மணி நேரத்தில் இறங்கி வந்தாள்.

"இன்னாம்மா?"

"ரெடியா கொண்டாரச் சொல்லித்தானே அனுப்பினோம்னாங்க. உள்ள இன்னும் அஞ்சு பேரு கீறாங்க, எல்லார்தும் ஓடுது."

"நடந்ததைச் சொல்லிப் பாக்கறதுதானே. ஒரு மணி நேரம் குடுக்க மாட்டாங்களா?"

"இன்னான்னு சொல்றது நைனா? எங்க நைனா பூஜைல வெச்சிட்டாருன்னா?"

பஸ் ஸ்டாப் வரைக்கும் பையை அவளே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். இன்னொரு நாள் கூப்பிடுவதாகச் சொன்னார்களாம். கூப்பிடவில்லை. வேறு இடங்களிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். முதலில் போனாள், பிறகு போகவில்லை. இப்போது பாண்டி பஜாரில் ஒரு நகைக்கடையில் பில் போடுகிறாள். காலையிலிருந்து கடை மூடும் வரைக்கும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் நான் பலகையைக் கழுவிக் காய வைத்திருந்தேன். லேப்டாப்பைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அக்கா உள்ளே போய் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். ஒயரை ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.

"இந்தா நைனா, இதையும் வெச்சிக்கோ. காலைல எடுக்கணும்னு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மூடியில் போன வருஷச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அக்கா அதைத் துடைத்திருக்கவில்லை. நானும் துடைக்கவில்லை. பலகையில் வைக்க மனசு வரவில்லை, அவளிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. ஒரு துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே போட்டேன்.