ஆயுத பூஜைக்கு முந்தைய அப்கிரேடு

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை. ஓசூரில் எங்கள் மூன்றாம் லைனில், பாகங்களில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆனது. சோதனை மென்பொருள்தான் திறக்கவில்லை. சோதிக்காத பாகத்தை வெளியே அனுப்ப முடியாது. லைன் நின்றுவிட்டது.

ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நான் போய்ச் சேர்வதற்குள் சூப்பர்வைசர் தீர்ப்பே எழுதிவிட்டார். "பூஜை போடறேன்னு தண்ணியத் தெளிச்சு வச்சிருக்குதுங்க சார் இந்தப் பொண்ணு. வேற ஆள அனுப்பச் சொல்லி காண்ட்ராக்டர்கிட்ட சொல்லீட்டனுங்க."

அந்தப் பெண் மஞ்சுளா, பாகலூரிலிருந்து வரும் ஒப்பந்த ஆபரேட்டர். "தண்ணியே தொடல சார். துணியால தொடச்சு பொட்டு மட்டுந்தான் வெச்சேன்," என்றாள். மானிட்டரின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. உண்மையைச் சொல்கிறேன், நானும் அவளை நம்பவில்லை.

எங்கள் ஷாப் ஃப்ளோர் கம்ப்யூட்டர்கள் லினக்ஸில் ஓடுபவை; இன்டர்நெட் கிடையாது. அதனால் மென்பொருள் தொகுப்புகளின் நகலை ஒரு சர்வரில் சேர்த்து, ஆலைக்குள்ளேயே ரெப்போசிட்டரி என்ற மென்பொருள் கிடங்கை அமைத்திருந்தேன். தொகுப்புகளை எந்தக் கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு ஃபைலில் ஒரு வரி இருக்கும். பூஜைக்கு முன் மற்றவர்கள் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுவார்கள். நான் என் பங்குக்கு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அப்கிரேடு செய்து அணைத்துவிடுவேன்.

கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைலைத் திறந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரே ஒரு தொகுப்பின் புதுப் பதிப்பு தேவைப்பட்டது. அதற்காக லினக்ஸின் அடுத்த வெளியீட்டையும் சர்வரில் ஏற்றி, இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் அதற்கொரு வரி சேர்த்திருந்தேன். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தவன், அடியோடு மறந்துபோனேன். பூஜைக்கு முந்தைய அப்கிரேடு பாதித் தொகுப்புகளைப் புதியதிலிருந்து இழுத்திருந்தது. மீதி பழையவை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கட்டளை கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அந்த லாக்கைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டு சரிசெய்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படியும் ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. மஞ்சுளா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"தப்பு என்னுதுங்க. அவங்க மேல ஒண்ணுமில்ல," என்றேன்.

"ஏனுங்க சார், நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு, சூப்பர்வைசர் முணுமுணுத்தபடி காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். மஞ்சுளா பையைக் கழற்றி வைத்தாள். பழைய பதிப்புகளைத் திரும்ப ஏற்றி லைனை ஓட்ட மதியமாகிவிட்டது.

அதன்பின் எந்த ரெப்போசிட்டரி வரியைச் சேர்த்தாலும், யார் சேர்த்தது, எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று அதன் மேலேயே எழுதிவைக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் அப்கிரேடு செய்து பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுகிறேன். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருப்பதுதான். கையேட்டில் இல்லாத ஒன்றை, அடுத்த வருடப் பூஜையன்று மஞ்சுளா சேர்த்தாள். குங்குமக் கிண்ணத்தோடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"உங்க வேலை முடிஞ்சுதா சார்? ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. அப்புறமா நான் பொட்டு வெக்கறேன்."

ஓட்டிக் காட்டினேன். பாகம் ஒன்றைத் தானே பொருத்திச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தில் விரலை வைத்தாள்.