இரண்டு பட்டை குறைந்த பிக்கப்

என் பழைய பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் இரண்டைக் கழற்றிவிட்டால் வண்டி தொட்டில் மாதிரி ஆகிவிடும் என்று நம்பி, கழற்றியும் விட்டேன். எட்டு மாதக் கர்ப்பிணியான மகளை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் குலுங்காமல் அழைத்துப் போக வேண்டுமே! போகிற வழிதானே என்று வெங்காய மூட்டைகளையும் ஏற்றினேன்.

பெரம்பலூர் தாண்டியதும் பின்னால் ஒரே புகை, கருகல் நாற்றம்.

"தீப்புடிச்சிருச்சும்மா, எறங்கு!" என்று அலறி, நான் முதலில் குதித்துப் பருத்திக் காட்டுக்குள் ஓடினேன். பாதியில்தான் மகள் நினைவு வந்தது. ஐயோ என்று திரும்பி ஓடி, அவளை இறக்கினேன்.

"ஏம்ப்பா, பிரசவம் எனக்கா உங்களுக்கா?" என்றாள்.

பட்டைகளை மறுபடி பூட்டிவிட்டேன். இப்போது சுமையில்லாமல் வெறும் வண்டியாக ஓட்டும்போது, குலுங்காமலிருக்க டயர் காற்றை அதற்குரிய அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன்.

அன்று தீயே பிடிக்கவில்லை. பட்டை குறைந்ததால், வெங்காயப் பாரத்தில் தாழ்ந்த வண்டியின் பாடி டயரில் உரசியிருக்கிறது.