துண்டுக்குள் இருந்த கை

ஒச்சம்மாளுக்கு மாடு விற்க வருகிறவன் முதலில் தன் பல்லைக் காட்டிவிட்டுத்தான் மாட்டின் பல்லைக் காட்ட வேண்டும் என்று உசிலம்பட்டிச் சந்தையில் கேலி பேசுவார்கள். அவள் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப அவளால் முடியாது. பால் விற்றுப் பிழைக்கிறவளே அவள்தானே. காலையில் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்க வைத்துச் சந்தைக்கு ஓட்டிவருகிற வித்தையைத் தன் அப்பாவிடமே பார்த்து வளர்ந்தவள். அதனால் மடியைப் பார்த்து எந்த மாட்டையும் வாங்கமாட்டாள். ஒரு முறை கறக்கச் சொல்வாள். சாயங்காலம் வரை காத்திருந்து மறுபடியும் கறக்கச் சொல்வாள். அதற்குள் விற்க வந்தவனுக்கே மாட்டின் மேல் வெறுப்பு வந்துவிடும்.

அவளைக் கட்டிக்கொண்ட உக்கிரபாண்டி இதற்கு நேர் எதிர். மாட்டுத் தரகர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். ஆனால் கையின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டால் ஆளே வேறு. விலையை வாயால் சொல்லாமல், துண்டுக்கு அடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துச் சொல்வது சந்தை வழக்கம். எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படி அழுத்துகிறார் என்பதுதான் விலை. கட்டுப்படியாகாவிட்டால் கையை உருவிக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு மேல் பேச்சில்லை. உக்கிரபாண்டி உருவிய கையை மறுபடி துண்டுக்குள் கொண்டுவர எந்த வியாபாரியாலும் முடிந்ததில்லை.

அந்த மனிதர் போன ஆண்டு ஆடி மாதம் செக்கானூரணி தாண்டி வண்டியோடு விழுந்தார். ஹெல்மெட் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்டையோட்டைத் திறந்து ரத்தக் கட்டை எடுத்தார்கள். மதுரையில் இரண்டு மாதம் படுக்கை. உயிர் தப்பியது, கண் திறந்தது. ஆனால் திறந்த கண்ணுக்குள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒச்சம்மாள் வீட்டுக்குக் கூட்டிவந்து, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தாள். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை என்று வந்து பார்த்த நர்சே ஆச்சரியப்பட்டார்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் அவருடைய உள்ளங்கையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கை அவளுடைய இரண்டு விரலைக் கப்பென்று பிடித்தது. துண்டு மேலே கிடந்தது. மனுசன் விலை சொல்கிறார் என்றே நினைத்தாள். தெருவைக் கூட்டினாள். பக்கத்து வீட்டுத் தரகர் ஒருவர் தன் கையையும் கொடுத்துப் பார்த்து, "ஆமா, ரெண்டுன்னுதான் சொல்றாரு" என்று சாட்சி சொன்னார். எந்த மாட்டுக்கு என்று ஆளுக்கொரு யோசனை. அவள் தம்பி சோணைமுத்து கறி எடுத்துவந்தான். வாழ்நாளில் எதையும் நம்பாதவள் அன்றைக்கு ஒருநாள் முழுக்க நம்பினாள்.

மறுநாள் தமிழ்வாணி வந்தாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அரசாங்கத்தில் இருந்து வீடு தேடிவந்து பயிற்சி கொடுக்கிற பிசியோ அவள்தான். உக்கிரபாண்டியின் உள்ளங்கையில் பேனாவை வைத்தாள், பிடித்தார். சீப்பை வைத்தாள், அதையும் பிடித்தார்.

"அக்கா, இது அவரு பிடிக்கிறது இல்ல, கை பிடிக்கிறது. பெறந்த பிள்ளை கையில விரல வச்சாலும் இப்படித்தான் பிடிக்கும். பிடிச்சத விடுறதுக்குத்தான் மூளை வேணும். அவரு விடட்டும், அப்பச் சொல்லுங்க."

ஒச்சம்மாளுக்கு அவமானத்தில் காது சுட்டது. சீப்புக்கும் தனக்கும் ஒரே மரியாதையா என்று அழுகையாக வந்தது. அந்தக் கோபத்தை எல்லாம் தமிழ்வாணி மேல் திருப்பினாள். காலை மடக்குவதும் நீட்டுவதும், சாய்த்து உட்கார வைப்பதும், பந்தைக் கொடுத்து விடு விடு என்று கெஞ்சுவதும் ஒரு வைத்தியமா? தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, ஆள் இல்லாதபோதும் அந்தப் பெண் வேலை செய்கிறாளா என்று வேவு பார்த்தாள். செய்துகொண்டுதான் இருந்தாள். அதுவும் சந்தேகமாக இருந்தது.

இருந்தாலும் தினமும் காலையும் மாலையும் அவர் கை மேல் துண்டைப் போட்டுத் தன் விரலைக் கொடுத்து, "உருவுய்யா, கட்டுப்படியாகாது, உருவு" என்று சொல்லிப் பார்த்தாள். பந்தைவிடத் துண்டு அவருக்குப் பழக்கம் என்பது அவள் கணக்கு. இரண்டு மாதத்தில் சுண்டுவிரல் ஒரு தடவை தளர்ந்தது. அதைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை. சூடு கண்ட பூனை.

அந்த நேரத்தில்தான் சோணைமுத்து செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தான். விளாங்குடிப் பக்கம் புதிதாக ஒரு சிகிச்சை மையம். இடுப்பெலும்பில் இருந்து மஜ்ஜை எடுத்து, அதில் ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியாக ஏற்றினால் அடிபட்ட மூளை புதுசாக முளைக்குமாம்.

"செலவுக்குக் கெணத்தடித் தோட்டத்த வித்துருவோம்க்கா. மாமா எந்திரிச்சா தோட்டம் என்ன, ஊரையே வாங்கிருவாரு," என்றான்.

ஒச்சம்மாள் தமிழ்வாணியிடம் கேட்டாள். "மூளை அடிக்கு இது இன்னும் ஆராய்ச்சியிலதான்க்கா இருக்கு. ஆராய்ச்சின்னா நோயாளிகிட்டக் காசு வாங்கக்கூடாது. இவுக தோட்டத்தக் கேக்குறாக."

"ஒனக்கு வேல போயிருமின்னு சொல்றியா தாயி?"

"எனக்கு இன்னும் பதினாலு வீடு இருக்குக்கா," என்று தமிழ்வாணி அவருடைய முழங்காலை மடக்கினாள்.

ஒரு வாடகை வேனில் சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மையத்தில் குளிர்ச்சியும் ஊதுபத்தி வாசமுமாக இருந்தது. ஆலோசகர் என்று ஒரு பையன் வந்தான், பெயர் சூர்யபிரகாஷ். பெரிய திரையில் ஒருவரைக் காட்டினான். முதலில் மொட்டைத் தலையும் தொண்டையில் குழாயுமாக விழித்தபடி கிடந்தார். அடுத்த படத்தில் அதே ஆள் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்திருந்தார்.

"ரெண்டுக்கும் மூணே வாரம்தாம்மா. ஒரே ஊசி."

ஒச்சம்மாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பல் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தம்பி, மொத படத்துல மொட்டை. இதுல பிடரியில முடி பொரளுது. மூணு வாரத்துல இம்புட்டு முடியா?"

"அது... சிலருக்கு வேகமா வளரும்மா."

மடி பெருத்த மாடு. ஆறேழு மாதம் யாரோ ஒருத்தி அந்த மனிதரைப் புரட்டிப் போட்டு, உட்கார வைத்து, கெஞ்சியிருக்கிறாள். அந்தப் பாலைத் தன் கணக்கில் கறந்து காட்டுகிறான் இவன். அவளுக்கு அது பட்டப்பகல் போலத் தெரிந்தது.

தெரிந்த பிறகும் எழுந்து போக முடியவில்லை, அதுதான் கொடுமை. ஒருவேளை என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. பொய் சொல்கிறவன் கையிலும் ஒரு நல்ல மருந்து இருந்துவிட்டால்? தோட்டத்தைப் பிடித்துக்கொண்டு மனுசனை விட்டுவிட்டேன் என்று நாளைக்கு யார் சொல்லாவிட்டாலும் அவளே சொல்வாள். அவர் ஒரு தடவை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்காக அவள் எதையும் கொடுப்பாள். சம்மதக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவையும் எடுத்தாள்.

அவள் கை தயங்குவதைப் பார்த்த சூர்யபிரகாஷ், நாற்காலியில் சாய்ந்திருந்த உக்கிரபாண்டியின் உள்ளங்கையில் தன் இரண்டு விரலை வைத்தான். கை கப்பென்று பிடித்துக்கொண்டது.

"பாருங்கம்மா, ஐயாவே பிடிச்சிட்டாரு. அவருக்குச் சம்மதம்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஒச்சம்மாள் பைக்குள் இருந்து அவருடைய துண்டை எடுத்தாள். எங்கே போனாலும் அது அவளோடு போகும். உதறி, இரண்டு கைகளையும் சேர்த்து மூடினாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சோணைமுத்துவுக்குப் புரிந்தது, அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"இந்தாய்யா," என்றாள் அவர் காதருகே. "இவுக வெல சொல்லிருக்காக. நம்ம கெணத்தடித் தோட்டம். அம்புட்டும் வேணுமாம். நீதான் தரகரு, நீயே முடிச்சுக் குடு."

ஒன்றும் நடக்கவில்லை. பையன் சிரிக்கத் தொடங்கினான். ஒச்சம்மாள் சிரிப்பைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தாள். துண்டின் ஓரம் லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. சந்தையில் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிற காரியம் அங்கே ஒரு உலை கொதிக்கிற நேரம் எடுத்தது. உக்கிரபாண்டியின் நெற்றி வேர்த்தது. சுண்டுவிரல், மோதிரவிரல் என்று துண்டுக்குள் ஒவ்வொன்றாகத் திறப்பது மேலேயே தெரிந்தது. கடைசியில் கை மெல்ல நழுவி வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது. துண்டுக்குள் பையனின் விரல்கள் மட்டும் கிடந்தன.

"ரொம்ப நல்ல அசைவும்மா," என்றான் அவன் உற்சாகமாக. "நம்ம ஊசிக்கு ஏத்த கேஸ் இது."

"ஏவாரம் முடிஞ்சிருச்சு தம்பி," என்று அவள் துண்டை மடித்தாள்.

வேன் புறப்பட்டதும் சோணைமுத்து விசும்பி அழுதான். "மாமா உள்ளதான்க்கா இருக்காரு," என்றான். அவளுடைய பழைய குணம் அதற்குள் தலைதூக்கிவிட்டது. தற்செயலாக நழுவியிருந்தால்? கை களைத்துத் தளர்ந்திருந்தால்? ஒரு கறவையை வைத்து மாட்டை நம்பலாமா? சாயங்காலம் வரை காத்திருந்து மறுபடியும் கறந்து பார்க்க வேண்டியதுதான். நாளைக்குத் தமிழ்வாணி வரட்டும், அவள் முன்னால் செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தாள்.

அப்போது வேன் ஒரு குழியில் குலுங்கியது. அவர் சரிந்துவிடாமல் பிடிக்கப் போனவளின் விரல்களை அவருடைய கை பிடித்துக்கொண்டது. கைதான் பிடிக்கிறதா, அவர்தான் பிடிக்கிறாரா? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தெரிந்துவிடும். விடுய்யா என்றால் போதும்.

உசிலம்பட்டி வரும் வரை ஒச்சம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.