காலி வீட்டு மீட்டர்

நவம்பர் 14, 2025. வெள்ளி. குர்லா.

முதலில் ஒரு தவறை எழுதிவிடுகிறேன். கரண்ட் இணைப்பை நிறுத்தச் சொல்லி நான் கொடுத்த விண்ணப்பத்தில், அப்பா உயிரோடு இருப்பதாகக் காட்டியிருந்தேன்.

மற்றதெல்லாம் இன்று சாயங்காலம் நடந்தது. நான் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. மாலை வகுப்பில் கணக்குப் பதிவியல் படிக்கிறேன். ஒரு வரவை எழுதினால் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். இதையும் சரிபார்த்துவிட்டேன். பசி மயக்கமோ, படி ஏறிய களைப்போ என்றுகூட யோசித்தேன். இல்லை. அந்த மீட்டரை என்னோடு இன்னொருவனும் பார்த்தான்.

எங்கள் வீடு செம்பூரில், பழைய நான்கு மாடிக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில். இடித்துக் கட்டப் போகிறார்கள். எல்லாரும் காலி செய்துவிட்டார்கள். கடைசி பில்லைக் கட்டி, மீட்டரை ஒப்படைத்த ரசீது எங்களிடமிருந்து மட்டும் பில்டருக்குப் போய்ச் சேரவில்லை. மீட்டர் அப்பா ஜோசப்ராஜ் பேரில் இருக்கிறது. அப்பா செப்டம்பரில் இறந்துபோனார். முறைப்படி செய்வதென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், மஸ்கட்டில் இருக்கும் டென்சில் அண்ணனின் சம்மதக் கடிதமும் வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி ஷைனி, கல்லறை மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள அப்பாக்குக் கரண்ட கட் பண்ணணுமா ஒனக்கு?”

சம்மதக் கடிதத்தைப் பற்றிக் கேட்காமலே போனை வைத்தேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘வீடு மாறுகிறோம்’ என்று போட்டேன். கீழே அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். அவர் போட்டதைப் போலவே வந்திருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் தங்கியிருப்பது ஆஸியா அக்கா வீட்டில். செம்பூரில் எங்களுக்கு எதிர்வீடு. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“ஏம்புள்ள, ஆபீஸ்காரன் ஒங்கப்பாவ நேர்ல கூட்டிட்டு வான்னா என்ன செய்வே?”

நானும் சிரித்தேன்.

இன்று வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு, வேலை முடிந்து நேராகச் செம்பூர் போனேன். மீட்டர் கழற்ற வந்தவன் பேர் ஆதர்ஷ். மாட்டுங்காவில் வளர்ந்த பையன், தமிழ் பேசினான். மணி ஆறு இருக்கும். படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் அறை. எல்லா மீட்டரையும் கழற்றியாயிற்று. வெறும் பலகைகள். ஓரத்தில் எங்களுடையது மட்டும்.

அதில் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், மேல யாரு இருக்கா?”

“யாரும் இல்ல. மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு.”

“லீக்கேஜ்னா இவ்ளோ வேகமா அடிக்காது. ஹீட்டர் மாதிரி ஏதோ பெரிய லோடு ஓடுது. போய் ஆஃப் பண்ணிட்டு வாங்க. உள்ள ஆள் இருக்கும்போது நான் கழட்ட மாட்டேன். நாளைக்கு என் வேலை போயிடும்.”

சாவியை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் மாடியில் கதவுகள் இல்லை. பழைய சாமான்காரர்கள் நிலையோடு பெயர்த்துப் போயிருந்தார்கள். இரண்டாம் மாடியிலும் அப்படித்தான். மூன்றாம் மாடியில் எங்கள் கதவு மட்டும் பூட்டோடு நின்றது.

திறந்தேன்.

கூடம் காலி. ஃபேன் இருந்த இடத்தில் கொக்கி மட்டும். செல்போன் வெளிச்சத்தில் மெயின் சுவிட்சைப் பார்த்தேன். கீழ்நோக்கித்தான் இருந்தது. தொட்டும் பார்த்தேன். ஆஃப்.

அப்போதுதான் கேட்டது.

ஸ்ஸ்ஸ்...

குளியலறைப் பக்கம். எனக்குத் தெரிந்த சத்தம். வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போட்டால் முதலில் இப்படித்தான் இரையும்.

அப்பா தினமும் எனக்காகத் தண்ணீர் காய வைப்பார். வகுப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், “ரயில் அழுக்கோட சோத்துல கை வைக்காத, போய்க் குளி” என்பார். பில் வருகிற மாதமெல்லாம் நான் கத்துவேன். “இந்த ராடுதான்ப்பா கரண்ட முழுங்குது. எனக்குப் பச்சத்தண்ணியே போதும்.” மறுநாளும் வாளி தயாராக இருக்கும். அடக்கம் முடிந்த வாரமே அந்த ராடைப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

கதவுக்கு அடியில் இருட்டு.

ஸ்ஸ்ஸ்... குளுகுளு... குளு...

தள்ளினேன்.

சத்தம் நின்றது.

அதே நொடி கீழேயிருந்து ஆதர்ஷின் குரல். “மேடம்... நின்னுடுச்சு!”

ராடு இல்லை. ஒயர் இல்லை. பிளக் பாயின்ட்டைக்கூடப் பெயர்த்துப் போயிருந்தார்கள்.

நடுவில் ஒரு வாளி.

நிறையத் தண்ணீர்.

ஆவி பறந்தது.

இந்தக் கட்டிடத்துக்குப் போன மாதமே தண்ணீரை நிறுத்தியாயிற்று...

விரலை வைத்தேன்.

பதமான சூடு. எனக்குப் பிடித்த சூடு.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கதவைப் பூட்டினேனா என்றும் தெரியவில்லை.

“ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்றான் ஆதர்ஷ்.

“ம்” என்றேன். இரண்டாவது பொய்.

அவன் ஒயரைக் கழற்றினான். கடைசி ரீடிங்கைப் படம் எடுத்தான். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போய்விட்டான். ரசீது நாளை ஆபீஸில் கிடைக்கும் என்றான். நான் ஆட்டோ பிடித்துக் குர்லா வந்தேன். வழியெல்லாம் வலது கை விரல்கள் மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தன.

ஆஸியா அக்கா சோறு போட்டார். எட்டரை மணிக்கு ஆதர்ஷ் போன் செய்தான்.

“சாரி மேடம். ஒண்ணு கேட்க மறந்துட்டேன். கேட்டுட்டுத்தான் கழட்டணும்னு ஜாப் சீட்டுல எழுதியிருக்கு. இப்பத்தான் கவனிச்சேன்.”

“என்ன?”

“காலைல ஆபீஸ்லேர்ந்து உங்கப்பாவுக்குப் போன் போட்டிருக்காங்க. கழட்டலாமான்னு கேக்க. ஃபார்ம்ல இருந்த நம்பருக்கு.”



“எடுத்தாரா?”

“எடுத்தாரே. நல்லாப் பேசினாராம். ‘பகல்ல வராதீங்க, எம்மவ சாயங்காலம் வருவா, அவ குளிச்ச பொறவு கழட்டிக்கோங்க’ன்னாராம். அதான் என்னை சாயங்காலமா அனுப்பினாங்க...”

சீட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நீங்க குளிச்சுட்டீங்கதானே மேடம்?”

நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த நம்பர் பழைய பதிவிலிருந்து விண்ணப்பத்தில் தானாக வந்து விழுந்தது. நான் மாற்றவில்லை. சிம்மை அக்டோபரிலேயே ரத்து செய்தாயிற்று. அப்பாவின் போன் என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தேன். உயிர் இல்லை. பட்டனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒன்றும் இல்லை.

நாளை சனிக்கிழமை. காலையில் முதல் வேலையாகச் செம்பூர், மூன்றாம் மாடி. துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஆறிப்போயிருந்தாலும் அந்த வாளியில் குளிக்க வேண்டும். பிறகு இறப்புச் சான்றிதழ் நகலோடு கரண்ட் ஆபீஸ். அப்பா இறந்துவிட்டார் என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.